குடும்பத்துக்கு பிக்கப் வாங்கும்போது நம்ம பக்கம் செய்கிற தவறுகள்

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா மகன் வண்டி மாற்றப்போவதாகச் சொன்னான். வீட்டில் மல்லிகைத் தோட்டம், இரண்டு பிள்ளைகள், எண்பதை நெருங்கும் அப்பத்தா. பூ மூட்டையை மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், குடும்பத்தோடு குலசாமி கோவிலுக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து, இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த சரக்குப் பாடியும் உள்ள ஒரு டபுள் கேபின் பிக்கப் எடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் ஷோரூமில் அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தது பின்பாடியைத்தான். பின் சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

நான் பார்த்த வரையில் முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. பாடியில் சரக்கு ஏறுவது வாரத்துக்கு இரண்டு நாள் என்றால், பின் சீட்டில் ஆள் ஏறுவது தினமும். அதனால் டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டிப்போங்கள். நாங்கள் மறுபடி போனபோது அப்பத்தாவையும் அழைத்துக்கொண்டோம். கதவைத் திறந்தால் சீட் அவர் இடுப்புக்கு மேலே நிற்கிறது. பக்கவாட்டுப் படியில் ஒரு காலை வைத்தார். சேலைக் கொசுவம் தடுத்தது. உள்ளே கைப்பிடி இருந்தது, கை எட்டவில்லை. மூன்றாவது தடவை தம்பி பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டான். இறங்குவது அதைவிடச் சிரமம். "ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா ஆட்டோவக் கூப்பிடுப்பா" என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு சோதனையே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

பின்பாடிக்கு இடம் விட வேண்டியிருப்பதால் பல டபுள் கேபின் வண்டிகளில் பின் சீட்டின் சாய்மானம் நட்டமாகத்தான் இருக்கும். காளவாசல் வரை போய்வந்தால் தெரியாது. திருச்செந்தூர் போய்த் திரும்புகிற நாளில் முதுகு சொல்லும். குழந்தை சீட் வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். பின் சீட்டுக்குத் தனியாக ஏசி வருகிறதா என்றும் பாருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நம்ம ஊரில் அது இல்லாமல் பிள்ளைகள் வாடிவிடும்.

அடுத்தது குலுக்கல். இங்கே விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் பிக்கப் இரண்டுக்கும் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது லாரியில் இருக்கிற அதே கமான் பட்டை. பழைய கமான் பட்டையில் அரிவாள் அடிப்பார்கள் என்றால் அந்த இரும்பின் உறுதியைப் புரிந்துகொள்ளலாம். சுமை தாங்கத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. பாடி காலியாக இருக்கும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளும்; நூறு நூற்றைம்பது கிலோ ஏறியதும் அடங்கிவிடும். ஷோரூம்காரர்கள் ரிங் ரோட்டில் ஓட்டிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. உங்கள் ஊருக்குள் நுழையும் குண்டும் குழியுமான ரோட்டில், காலிப் பாடியோடு, நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். முழுச் சுமைக்கான காற்றை அடித்து வைத்திருந்தால் இன்னும் மோசமாகத் தூக்கிப்போடும்.

இனி போர்டு விஷயம், அதாவது நம்பர் பிளேட்டின் நிறம்: வாடகை, சரக்கு வண்டிக்கு மஞ்சள், சொந்த உபயோகத்துக்கு வெள்ளை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் காசு மிச்சம் என்று நினைத்துத்தான் பலர் இதில் மாட்டுகிறார்கள். மஹிந்திரா பொலிரோ கேம்பர், இசுசு எஸ்-கேப் போன்ற பிக்கப்கள் ஐந்து பேர் உட்காரலாம் என்றாலும் மஞ்சள் போர்டு, சரக்கு வண்டி. விலை பாதிக்குப் பக்கம் என்பதால் கை அங்கேதான் போகும். ஆனால் அதற்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். வெள்ளை போர்டுக்கு முதல் பதிவே 15 வருடம். சரக்கு வண்டிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கும். நான்குவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது நடுவில் நின்றதுபோல் ஆகும். லைசென்ஸைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

கவலைப்பட வேண்டியது இன்சூரன்ஸில். சரக்கு வண்டியில் கூலி கொடுக்காமல் சும்மா ஏறிப்போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சட்டப்படி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. சரக்கோடு போகும் அதன் உரிமையாளருக்குப் பாதுகாப்பு உண்டு. மனைவி மக்களைச் சரக்கின் உரிமையாளர் என்று காட்ட முடியுமா? மஞ்சள் போர்டுதான் எடுக்கிறீர்கள் என்றால், கேபினில் எத்தனை பேருக்கு, எந்தப் பிரிவில் பொறுப்பு ஏற்கிறார்கள் என்பதைப் பாலிசியிலேயே எழுதி வாங்குங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை உதவாது.

வெள்ளை போர்டிலும் கணக்கு பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள தனிவண்டிக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இருபத்தைந்து லட்சத்து வண்டிக்கு வரி மட்டுமே ஐந்து லட்சம். ஷோரூம் விலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு லோனுக்குப் போகிறவர்கள் கடைசி நாளில் நகையைத் தேடுகிறார்கள். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றவும் கூடாது.

எவ்வளவு ஏற்றலாம்? பாடியின் அளவைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். சுமையோடு வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள், மீதியில் ஆட்களையும் கழியுங்கள். 65 கிலோ வீதம் ஐந்து பேர் என்றாலே 325 கிலோ போய்விடும். அதற்கு மேல் 75 கிலோ நெல் மூட்டை நாலைந்து போடுவேன் என்றால் பிரேக்குக்கும் டயருக்கும் அது தாங்காது. தம்பியிடம் இதைப் பேப்பரில் போட்டுக் காட்டியபோதுதான் அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

நீளம். ஹைலக்ஸ் 5,325 மில்லிமீட்டர், இன்னோவா கிரிஸ்டா 4,735. கிட்டத்தட்ட இரண்டு அடி வித்தியாசம். போர்டிகோவை டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள், கேட் சாத்துமா என்பதையும் சேர்த்து. மாசி வீதிகளில் திருப்புவது தினசரி வேலை என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். பள்ளிக்கூடம், கடை என்று குட்டிக் குட்டி ஓட்டம் மட்டுமே ஓடினால் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியின் புகை வடிகட்டியில் கரி சேரும். அடிக்கடி நெடுஞ்சாலையில் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டினால்தான் அது எரிந்து சுத்தமாகும்.

ஃபோர் வீல் டிரைவ் எல்லோருக்கும் தேவையில்லை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் மழைநாளில் போகிறவர்களுக்கு அது உயிர். தார்ச்சாலையிலேயே ஓடுகிறவர்களுக்கு விலையும் எடையும்தான் கூடும். இந்த வண்டிகளில் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டவும் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்வதால் திருப்பங்களில் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். முன்னால் இரும்புக் கம்பிக் காப்பு மாட்டாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகும், எதிரே வருகிறவருக்கும் ஆபத்து.

கடைசியாக ஒன்று. கடா வெட்டு, காது குத்து என்றால் பத்துப் பேர் பாடியில் ஏறுவது நம்ம பக்கம் பழகிப்போன காட்சி. பிள்ளைகள் காற்று வாங்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சடன் பிரேக் போதும். பிடிக்க அங்கே பெல்ட் இல்லை, சட்டத்திலும் இடமில்லை, இன்சூரன்ஸிலும் இடமில்லை. தம்பி கடைசியில் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றை எடுத்தான். பூ மூட்டை பழையபடி காலை வேனிலேயே போகிறது. நீங்கள் பிக்கப்தான் எடுக்கிறீர்கள் என்றால், வண்டி வீட்டுக்கு வருகிற அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: பாடியில் ஆள் ஏறக் கூடாது, திருவிழா அன்றைக்கும்கூட.