லாப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். லாப்பில் டிஸ்ரில்ட் வோட்டர் வடிக்கிற மெசினுக்குள்ளும் அதே படிவுதான் பிடிக்கும், அதனால் ஒரு கான் நிரம்புவதற்குள் பாதி நாள் போய்விடும். இது தெரியாமல் ஊத்தைப் பீக்கரை அந்தத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு நிற்காதீர்கள். சோப் போட்டுப் பைப் தண்ணீரில் வடிவாகக் கழுவுங்கள், கடைசியில் மட்டும் டிஸ்ரில்ட் வோட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தரம் அலசினால் போதும். கானில் அடித்தண்ணீர்தான் மிச்சம் என்றால் மெசினைப் போட்டுவிட்டுப் போங்கள்.

சேருக்குப் பயப்படுகிற அளவுக்கு ரீ.ஓ. (லாப்பின் தொழில்நுட்ப அலுவலர்) அண்ணாவுக்கும் மரியாதை கொடுங்கள். எந்த மெசின் எப்போது அடம்பிடிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் நாலு மணிக்கு வீட்டுக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் போய் "அண்ணா, ஒரு கெமிக்கல் வேணும்" என்று நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? முதல் நாளே சொல்லி வையுங்கள்.

மைக்ரோ பிப்பெற்றை, அதாவது துளி துளியாகத் திரவம் அளந்து எடுக்கிற கருவியை, அதன் உச்ச அளவுக்கு மேல் (1000 மைக்ரோலீற்றர் பிப்பெற் என்றால் 1000க்கு மேல்) திருகக்கூடாது, நுனியில் மாட்டுகிற ரிப்புக்குள் தண்ணீரோடு மேசையில் படுக்கப்போடவும் கூடாது, தண்ணீர் கருவிக்குள்ளே போனால் பழுதாகிவிடும். பாவித்து முடிந்தால் ஸ்ராண்டில் நிமிர்த்தி மாட்டுங்கள். போத்தலில் பேர், திகதி, உள்ளே இருப்பது என்ன, மூன்றையும் எழுதுங்கள். மாக்கரால் எழுதி அதன்மேல் ஸ்பிரிட் பட்டால் எழுத்து அழிந்துவிடும், ஸ்ரிக்கரில் பென்சிலால் எழுதினால் நிற்கும். பேரில்லாத போத்தலை யாராவது எறிந்தால் சண்டைக்குப் போகவும் முடியாது.

பிழை விட்டால் உடனே சொல்லுங்கள். நான் ஒருதரம் பக்ரீரியா வளர்க்கிற மீடியா செய்யும்போது, அதை உறையவைக்கிற ஏகார் தூளைப் போட மறந்துவிட்டேன். நீராவியால் கிருமி கொல்கிற ஒட்டோகிளேவில் 121 பாகை, 15 நிமிடம், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஆனால் பிளேற்றில் ஊற்றி ஒரு மணித்தியாலமாகியும் தண்ணீராகவே கிடக்கிறது. எனக்குக் காரணம் விளங்கிவிட்டது, வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. பக்கத்து மேசை அக்கா ஏகார் ரின்தான் பழசாகிவிட்டது என்று நினைத்து, தன் வேலையை இரண்டு நாள் தள்ளிப்போட்டு, புது ரின்னுக்கு எழுதிக் கொடுக்கவும் போய்விட்டார். அதற்குப் பிறகு போய் உண்மையைச் சொன்னேனே, அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் கூசும். கொப்பியிலும் அப்படித்தான், பிழையான எண்ணை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், வைற்றனர் பூசாதீர்கள், தாளைக் கிழிக்கவே வேண்டாம்.

கிளவுஸ் போட்ட கையால் கதவுப்பிடியைத் தொடாதீர்கள், போனையும்தான். சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம் வெளியில்.

அப்புறம் லீவு. நல்லூரில் கொடியேறினால் 25 நாள் திருவிழா, தேருக்கும் தீர்த்தத்துக்கும் வீட்டில் நிற்கத்தான் வேண்டும், சேரும் மறுக்கமாட்டார். ஆனால் இன்கியூபேற்றருக்குள் இருக்கிற பக்ரீரியாவுக்குத் தேர் தெரியாது, அது பாட்டுக்கு வளரும். போவதற்கு முன்னம் பிளேற்றுகளை எடுத்து, மூடியைச் சுற்றி ஒட்டி, பிரிட்ஜில் வைத்துவிட்டு, அங்கே நிற்கப்போகிற ஒருவரிடம் எந்தத் தட்டில் என்று காட்டிவிட்டுப் போங்கள்.