ஏர் ஃபுளோ சென்சாரின் கம்பி தன் அழுக்கைத் தானே எரிக்கிறதா? சோதிக்கும் முறை

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரிகளின் பின்னால் தினமும் ஓடும் பழைய இறக்குமதிக் கார் ஒன்று தொப்பூர் ஏற்றத்தில் இழுக்கத் திணறினால், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃபுளோ சென்சார் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்குவதற்கு முன், எஞ்சினை அணைத்தபின் அதன் கம்பி சூடேறித் தன் அழுக்கைத் தானே எரிக்கும் தன்சுத்திகரிப்பு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கம்பியின் மேல் அழுக்குப் படிந்தால், உள்ளே போகும் காற்று உண்மை அளவைவிடக் குறைவாகத் தெரியும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதால்தான் ஏற்றத்தில் பிக்கப் விழுகிறது.

இந்தத் தன்சுத்திகரிப்பு வசதி எல்லாக் கார்களிலும் கிடையாது. போஷ் நிறுவனத்தின் எல்எச்-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் செலுத்தும் அமைப்புள்ள வோல்வோ 240 போன்ற கார்களில், சூடேறும் பிளாட்டினக் கம்பி வகைச் சென்சாரில் இது உண்டு. பின்னாளில் வந்த, கம்பிக்குப் பதில் மெல்லிய படலம் கொண்ட ஃபிலிம் வகைச் சென்சார்களில் பொதுவாக இல்லை. அவற்றில் இதைத் தேடுவது வீண் வேலை.

சோதனைக்கு முன் பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் கம்பி ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிழலான இடத்தில் நிறுத்தி, சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸின் கிளாம்பை, ஹோஸ் கழன்றுவிடாத அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் சில நொடிகள் முடுக்கிச் சாவியை அணைத்தவுடன் ஹோஸை விலக்கி, சென்சாரின் வலைக்குள் பாருங்கள். சுமார் 4 நொடி கழித்துக் கம்பி ஒரு நொடி செம்மஞ்சளாக ஒளிர்ந்து அணைய வேண்டும். கண்ணிமைத்தால் தவறிவிடும் என்பதால் உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்புவது நல்லது.

ஒளிரவில்லையென்றால் உடனே சென்சாரைக் குறை சொல்லக் கூடாது. சாவி அணைந்த பிறகும் இசியுவுக்கு மின்சாரம் இருந்தால்தான் இது நடக்கும். திருட்டைத் தடுக்கப் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டி, இறங்கும்போதே அதையும் அணைத்துவிடும் கார்களில் கம்பி ஒருநாளும் சுத்தமாவதில்லை. அதை விட்டுவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியவை ரிலேயும் எர்த்தும். பிறகு, அந்த மாடலின் வயரிங் படத்தில் சுத்திகரிப்புக்கென்று காட்டப்பட்டுள்ள வயரில் மல்டிமீட்டரை வைத்து, அணைத்த சில நொடிகளில் மின்னழுத்தம் வந்துபோகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோளாறு இசியு பக்கமோ வயரிங்கிலோ இருக்கிறது; வந்தும் கம்பி ஒளிராவிட்டால்தான் சென்சாரை மாற்ற வேண்டும்.

ஒளிர்ந்தும் பிக்கப் திரும்பவில்லையென்றால், நம் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கல்தூசியைத்தான். எண்ணெய்ப் படலமும் பூச்சித் துணுக்கும் அந்தச் சூட்டில் எரிந்துபோகும், கிரானைட் தூசியோ எரியாது. கம்பி ஆறியபின் சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் கிளீனர் ஸ்பிரேயை மட்டும் அடித்து, முழுமையாகக் காயவிட்டு மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர், கம்ப்ரசர் காற்று, பஞ்சு எதுவும் அந்த மெல்லிய கம்பியின் அருகே போகக் கூடாது. கையோடு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்குப் பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டிய சுவரை விரலால் தடவுங்கள்: அங்கே வெள்ளைத் தூசி ஒட்டினால், ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக அமரவில்லை, அதைச் சரிசெய்யாமல் சென்சாரை மீண்டும் மாட்ட வேண்டாம்.