டிவியில் கதை சொல்லிப் பாடப் போகிறவர்களுக்கு

காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு பதினெட்டு வருஷமாக ராக் பேண்டில் கிட்டார் வாசிக்கிறேன். பொங்கலுக்கு லோக்கல் கேபிள் சேனல் ஒன்றில் அரை மணி நேரம் கொடுத்தார்கள். டிரம்ஸ் கிடையாது. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், நாலு பாட்டு, நடுநடுவே பாட்டு பிறந்த கதை. இப்போது கிருஷ்ணகிரி பக்கத்துப் பசங்க சிலரையும் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

கதையில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். என் பாட்டு ஒன்று அப்பாவைப் பற்றியது. ஜூன் மாசம் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அந்த நாட்கள். ரிகர்சலில் கடன், விலை, அம்மாவின் நகை என்று ஆறு நிமிஷம் பேசிவிட்டேன். கேமரா பிடித்த அண்ணன், "தம்பி, எல்லாத்தையும் பேசியே தீத்துட்டா பாட்டு எதுக்கு?" என்றார். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வரிசையில் இரண்டாம் நாள் ராத்திரி. தார்ப்பாய்க்குக் கீழேயிருந்து பழுத்த காயின் சாறு சொட்டுகிறது. லாரிக்கு அடியில் படுத்திருக்கிற அப்பாவின் சட்டைத் தோளில் விழுகிறது. அவர் அசையக்கூட இல்லை. அங்கேயே நிறுத்தி கிட்டாரில் முதல் கார்டை அடித்தேன். கடனைப் பாட்டு பார்த்துக்கொண்டது. நம்ம தெருக்கூத்தில் கட்டியங்காரன் எவ்வளவு பேசினாலும், வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்ததும் விட்டுவிடுவான். அந்த அளவு நமக்கும் வேண்டும்.

டிஸ்டார்ஷனை, அதாவது எலெக்ட்ரிக் கிட்டாரின் அந்தக் கரகரப்பை, எடுத்துவிட்டாலும் நிற்கிற பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவியின் அக்கூஸ்டிக் நிகழ்ச்சிக்காக நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்ட் வாசித்தது 14 பாட்டு. அதில் 6 மற்றவர்களுடையவை. தங்களுடைய மிகப் பெரிய ஹிட்டை அன்றைக்கு அவர்கள் தொடவே இல்லை.

கம்பியை இரண்டு மூன்று நாள் முன்பே மாற்றி, நன்றாக வாசித்துப் பழக்குங்கள். புதுக் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டுடியோ லைட் சூட்டில் சுருதி இறங்கும், அதனால் லைட்டுக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு டியூன் பண்ணுங்கள். மைக்கை கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்தால் குடம் மாதிரி 'பூம்' என்று வரும். கிட்டார் கழுத்தில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை (குறுக்குப் பட்டையை) பார்த்து ஒரு ஜாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கிட்டாரின் சத்தத்தை ஒயர் வழியாக அனுப்புகிற பிக்கப்புக்குப் புது 9 வோல்ட் பேட்டரி. எனக்கு மூன்றாவது பாட்டில் பேட்டரி போய்விட்டது, அந்த மைக்தான் காப்பாற்றியது. பொடிக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அலை அலையாக ஆடும்.

கடைசி கார்டு முழுசாக அடங்கும்வரை 'நன்றி' சொல்லாதீர்கள், கம்பியை அழுத்தியிருக்கிற கையையும் எடுக்காதீர்கள். என் பதிவில் அந்த ஐந்து விநாடியில் வெளியே போன டவுன் பஸ்ஸின் ஹார்ன் விழுந்திருக்கிறது. வெட்ட வேண்டாம் என்று எடிட்டரிடம் கேட்டுக்கொண்டேன்.