கடைசிப் படி முதலில்: மளிகைக் கடையில் என் மகனுக்குக் கொடுத்த ஓ.டி. பயிற்சி

பாளையங்கோட்டையில் ஒரு சந்து முனையில் எங்கள் மளிகைக் கடை. என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஐந்து வயதில் அவனுக்குப் பென்சில் கையில் நிற்காது. பொத்தான் போட வராது. சட்டையின் கழுத்துப் பட்டை உரசினால் கழற்றி எறிவான். ஆனால் சுவரைக் கண்டால் ஓடிப் போய் மோதுவான். அடங்காத பிள்ளை என்று ஊர் சொன்னது. நானும் அதை நம்பி அடித்திருக்கிறேன்; அந்த நினைப்பு வந்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) மேடம் ஒருவர்தான் விளக்கினார். கண், காது போலவே தசைக்கும் மூட்டுக்கும் உணர்வு உண்டு. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதை மூளைக்குச் சொல்வது அதுதான். உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. இந்தச் செய்திகள் சரியாகச் சேராத பிள்ளை, தன் உடம்பு எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளச் சுவரைத் தேடுவானாம். அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற தெரபிஸ்ட் 1970களில் இதை 'உணர்வு ஒருங்கிணைப்பு' என்ற பெயரில் விரிவாக எழுதினார் என்றும் சொன்னார். வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம் அவர் பார்த்துக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் எங்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் நாங்கள் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு அழுதான், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, எதனால் அடங்கினான் என்ற மூன்றும் போதும். என் நோட்டில், பள்ளி விட்டு வந்த அரை மணி நேரமும் மிக்சி ஓடும் நேரமும் திரும்பத் திரும்ப வந்தன. எங்கே தொடங்குவது என்று அப்போதுதான் தெரிந்தது.

கஷ்டமான வேலைக்கு முன்னால் கனமான வேலை: எங்கள் வீட்டில் அதிகம் பலித்தது இதுதான். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் பத்து நிமிடம், பருப்புப் பொட்டலங்களை அலமாரியிலிருந்து கல்லாவுக்கு எடுத்து வருவான். காலி டின்கள் அடுக்கிய பெட்டியைத் தள்ளுவான். தரை துடைக்கும் துணியை முறுக்கிப் பிழிவான். எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று எனக்குக் குழப்பம் இருந்தது. பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அதையே அளவாக வைத்துக்கொண்டேன். 20 கிலோ இருக்கும் பிள்ளைக்கு 2 கிலோ. கடை இல்லாதவர்கள் தண்ணீர்க் குடுவை, சப்பாத்தி மாவு, இடியாப்ப உரல் என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம்.

தொடுவதில் நான் பெரிய தவறு செய்தேன். பழகட்டும் என்று அவன் கையைப் பிடித்து அரிசி மூட்டைக்குள் அழுத்தினேன். வாந்தி எடுத்துவிட்டான். பிறகு ஒரு மாதம் மூட்டைப் பக்கமே வரவில்லை. ஆகவே, பிள்ளையின் கையை நீங்கள் எதிலும் திணிக்காதீர்கள். முதலில் படியால் அள்ளட்டும், பிறகு கரண்டியால், அவனுக்கே தோன்றும் நாளில் விரலால். உலர்ந்தது முதலில், ஈரமானது பிறகு. தட்டைப்பயறு எங்களுக்கு நல்ல தொடக்கமாக இருந்தது. மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் வயது என்றால் ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். இன்னொன்று, மெல்லத் தடவுவது பல பிள்ளைகளுக்கு எரிச்சல். அழுத்திப் பிடிப்பதே ஆறுதல். எண்ணெய் தேய்க்கும்போது உள்ளங்கை முழுவதையும் பதித்துத் தேயுங்கள்.

எழுத்துக்கு வருகிறேன். பென்சிலைக் கையில் கொடுத்து "எழுது" என்று உட்கார வைப்பதுதான் எல்லோரும் செய்வது. விரலுக்கு முன்னால் தோள் உறுதியாக வேண்டும். சிலேட்டைச் சுவரில் அவன் கண் உயரத்துக்கு மாட்டினேன். கை மேலே நிற்பதால் தோளும் மணிக்கட்டும் வேலை செய்தன. சாக்பீஸைச் சிறு துண்டாக உடைத்துக் கொடுத்தேன். துண்டு சின்னதானால் முழுக்கையால் பிடிக்க வழியில்லை, விரல் நுனிகள் வந்தே ஆக வேண்டும். மாலையில் பாட்டியோடு புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி. காலையில் அம்மாவோடு கோலப்பொடி கிள்ளிப் புள்ளி வைப்பது. இதற்கென்று விற்கும் விலை உயர்ந்த பொருள் ஒன்றையும் நான் வாங்கவில்லை. நாற்காலியில் உட்காரும்போது கால் தொங்கினால் உடம்பு ஆடும், எழுத்தும் ஆடும். பாதம் படும்படி ஒரு மரப்பெட்டி போடுங்கள்.

பொத்தான் போடுவதைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். தாத்தாவின் சட்டையை மூட்டை மேல் விரித்தோம். பெரிய பொத்தான், தளர்ந்த துளை. பொத்தானைப் பாதி நுழைத்து வைப்பேன், வெளியே இழுப்பது மட்டும் அவன் வேலை. முடித்த மகிழ்ச்சி அவனுக்கே கிடைக்கும். அது கை வந்ததும் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விட்டேன். தன் சீருடைச் சட்டையில் தானே பொத்தான் போட நான்கு மாதம் ஆயிற்று.

ஊஞ்சலில் முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினால் மனம் அடங்கும். சுற்றிவிடாதீர்கள். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் ஊஞ்சலே வேண்டாம். சேலையில் கட்டிய தூளியில் பிள்ளையைத் தனியே விடவே கூடாது.

இந்தப் பயிற்சிகளால் ஆட்டிசம் குணமாகும் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். உணர்வு ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்று குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2012இல் சொல்லியிருக்கிறது. அதனால் "மூன்று மாதத்தில் எந்த வேலையைத் தானே செய்வான்?" என்று முதல் நாளே கேட்டு நோட்டில் எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். 18 வயது வரை அங்கே இலவசம்.

முடிவெட்டுவதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் போகிறோம். சலூனில் பலர் அன்று வேலை செய்வதில்லை. எங்கள் தெரு அண்ணன் எங்களுக்காகத் திறக்கிறார். கிளம்பும் முன் பொட்டலம் சுமப்பான். மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும். மடியில் 2 கிலோ துவரம்பருப்புப் பை. அண்ணன் ஒவ்வொரு முறை வெட்டும் முன்னும் "வெட்டட்டுமா தம்பி?" என்று கேட்பார். அவன் தலையசைத்த பிறகுதான் கத்தரி அசையும். பாதித் தலையோடு எழுந்து வந்த நாளும் உண்டு. மறுநாள் போய் மீதியை வெட்டிக்கொண்டோம்.