புதிய வீட்டின் வெளிச்சுவர்ப் பூச்சு மேடுபள்ளமாக இருந்தால்

வெளிச்சுவரில் மேடுபள்ளம் தெரிகிறது என்று சொன்னவுடன், "பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தயவுசெய்து அதற்கு உடனே இசைந்துவிடாதீர்கள். பட்டி எனும் மாவுப் பூச்சும் பெயின்ட்டும் மெல்லிய படலங்களே. மட்டம் தவறிய சுவரை நேராக்கவோ, செங்கல்லிலிருந்து பிடிப்பு விட்டுப்போன பூச்சைத் தாங்கவோ அவற்றால் முடியாது.

முதலில் குறை எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்று அறிய வேண்டும். வெளிச்சம் சுவரின் மீது நேராக விழும்போது மோசமான பூச்சும் சமமாகத் தோன்றும். சுவரை உரசிச் செல்லும்போதோ 2 மில்லிமீட்டர் மேடுகூட நிழலிட்டுக் காட்டிக்கொடுக்கும். எனவே இருட்டிய பின் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிட்டுப் பார்த்து, நிழல் விழும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். மறுநாள் 2 மீட்டர் நீளமுள்ள அலுமினிய மட்டப்பலகையைக் குறுக்காகவும் நெடுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடலாம், 5-ஐத் தாண்டினால் திருத்தச் சொல்லலாம் என்பது என் கணக்கு.

அடுத்து, கொத்துக்கரண்டியின் கட்டைப் பிடியால் சுவரை அடி அடியாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல பூச்சு கெட்டியாக ஒலிக்கும். பிடிப்பு விட்ட இடம் காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் ஒலிக்கும். மேடுபள்ளத்தைவிட இதற்கே நான் அஞ்சுவேன், ஏனெனில் அங்கே மழைநீர் புகுந்தால் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழக்கூடும்.

குறை ஏன் வந்தது என்பதைச் சுவரே ஓரளவு சொல்லும். படுக்கை வசத்தில் நீண்ட கோடாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் சாரத்தின் (கொத்தனார் ஏறி நிற்கும் கம்பச் சட்டத்தின்) ஒரு தட்டில் வேலை நின்று, முந்தைய நாள் காய்ந்த விளிம்போடு மறுநாள் கலவை சேர்ந்த இடமாக இருக்கும். தூணும் உத்தரமும் இருக்கும் இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால், செங்கல் ஈரத்தை வேகமாகவும் கான்கிரீட் மெதுவாகவும் உறிஞ்சியதால் பூச்சு வெவ்வேறு வேகத்தில் இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் அந்த இடத்தில் விரிசலும் ஓடினால், பூச்சை வெட்டியெடுத்து, இருபுறமும் 15 சென்டிமீட்டர் அளவுக்குக் கம்பி வலை அடித்த பிறகே மீண்டும் பூச வேண்டும்.

சிறு மேடுகளைச் சாணைக்கல்லால் தேய்த்து எடுத்துவிடலாம். 3 மில்லிமீட்டர் வரையிலான பள்ளத்துக்கு, வெளிப்புறத்துக்கென உள்ள வெள்ளைச் சிமென்ட் பட்டியை, ஒரே தடவையில் தடிமனாக இடாமல், இரண்டு தடவையாக இட வேண்டும். ஜிப்சம் கலந்த பட்டி ஈரத்தில் இளகிவிடும் என்பதால் வெளிச்சுவருக்கு ஆகவே ஆகாது. 3 மில்லிமீட்டரைவிட ஆழமான பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பிடிப்பைக் கூட்டும் பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். பிடிப்பு விட்ட பகுதியை வெட்டும் இயந்திரத்தால் சதுரமாக அறுத்து, செங்கல் தெரியும்வரை பெயர்த்து, தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, இரண்டு பூச்சாகப் பூசி, குறைந்தது 7 நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். விளிம்பைச் சதுரமாக அறுக்காமல் மெலிதாக இழுத்துவிட்டால் அந்த ஓரம்தான் முதலில் உதிரும்.

ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமென்டைத் தூவி வழவழப்பாக்கும் வழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். சிமென்ட் மிகுந்த அந்தத் தோல் அடிப்பூச்சைவிட அதிகமாகச் சுருங்கி, சிலந்தி வலைபோல் வெடிக்கும்.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். உப்பு ஈரத்தோடு வெளிவருவதால், கைப்பிடிச்சுவர் உச்சி, ஜன்னல் அடிப்பகுதி, குழாய் நுழையும் துளை ஆகியவற்றில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, அதை அடைத்த பிறகே மேல் வேலையைத் தொடங்க வேண்டும். ஈரம் போய்விட்டதா என்ற ஐயம் இருந்தால், ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தால் பெயின்ட்டுக்கு நேரம் வரவில்லை. புதிய சிமென்டின் காரத்தன்மை பெயின்ட்டைக் கெடுக்கும் என்பதால், பூசி 28 நாள் ஆன பின், பெயின்ட்டுக்கு அடியில் காரத்தைத் தாங்கும் பிரைமர் அடிப்பதே முறை.

இவை அனைத்தையும் சாரம் பிரிப்பதற்கு முன்பும், இறுதித் தவணை கொடுப்பதற்கு முன்பும் செய்து முடியுங்கள். மட்டப்பலகை வைத்த நிலையில் படம் எடுத்து, குறைகளை இடம் குறித்து எழுத்தில் கொடுத்தால் பேச்சு வாக்குவாதமாகாது. பளபளப்பான பெயின்ட் ஒவ்வோர் அலையையும் எடுத்துக்காட்டும், மங்கலான பெயின்ட்டும் சொரசொரப்பான மேற்பூச்சும் சிறு அலைகளை மறைக்கும் என்பதால், கெட்டியாக ஒலிக்கும் சுவரில் இவற்றைத் தேர்ந்தெடுப்பது நியாயமான வழியே. ஆனால் முழுச்சுவரில் இறங்குமுன், ஒரு மீட்டர் சதுரத்தில் அடித்துப் பார்த்து, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் ஒருமுறை நின்று கவனித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.