ஓட்டோ கியர் சென்சரைக் கழற்றும் முன்

மாரி முடிந்த கையோடு கல்லடிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் காரைக் கொண்டுவந்தார். லீவரை 'டி'யில் (முன்னே ஓடும் நிலை) போட்டால் ஒரே கியரில் இழுக்கிறது, மேலே மாறுவதில்லை. வேகச் சென்சர் பழுது என்று யாரோ சொல்ல, அதை மாற்றியும் விட்டார். குறை போகவில்லை. "தம்பி, இனி கியர் பொக்ஸை இறக்கத்தான் வேணுமாம்" என்றார். சென்சரின் கொனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருந்தது. புதுச் சென்சரும் நல்லது, கழற்றி வீசிய பழையதும் நல்லது.

நம்முடைய மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்று எப்போதும் உண்டு, கார்த்திகை மார்கழியில் வெள்ளமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் தெருவில் ஓடுபவற்றில் பலவற்றுக்கு நல்ல வயது. இங்கே சென்சரை விட அதற்குப் போகும் வயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி.

காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனர் காட்டும் 'கோட்' என்ற பழுது எண்ணைப் பழுதான பொருளின் பெயராக எடுத்துக்கொள்வதுதான் அதிகம் காசு தின்னும் தவறு. பி0700 வந்தால் அது தனியான பழுதே அல்ல. "என்னிடம் ஒரு கோட் இருக்கிறது, லைட்டைப் போடு" என்று கியர் கணினி எஞ்சின் கணினிக்குச் சொல்லும் செய்தி, அவ்வளவுதான். கியர் கணினிக்குள் போய் வாசிக்கும் ஸ்கேனர் இருந்தால்தான் உள்ளதைப் பார்க்கலாம். பி0705 கியர் நிலை சுவிட்ச், பி0715 உள்வரும் வேகச் சென்சர், பி0720 வெளிவரும் வேகச் சென்சர், பி0710 ஒயில் வெப்பச் சென்சர். இவை எல்லாமே சர்க்கிட்டைச் சொல்கின்றன. சர்க்கிட் என்றால் சென்சர், கொனெக்டர், வயர், ஏர்த், கணினி எல்லாம் சேர்ந்தது. வாசித்தவுடன் அந்தக் கோட் எண்ணை அழித்துவிடுவதும் கூடாது. பழுது பதிவான நேரத்து வேகமும் வெப்பமும் கணினியில் நிற்கும், அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பற்றரியையும் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். இளைத்த பற்றரி சம்பந்தமில்லாத கோட்களை அள்ளிக் கொட்டும்.

இனி கியர் நிலை சுவிட்ச். 'பி'யிலும் (பார்க்) 'என்'னிலும் (நியூட்ரல்) மட்டும் ஸ்டார்ட் ஆக விடுவது, ரிவர்ஸ் லைட்டைப் போடுவது, லீவர் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்வது, மூன்றும் இதன் வேலை. ஸ்டார்ட் ஆகவில்லை, 'என்'னில் போட்டு லீவரைக் கொஞ்சம் ஆட்டினால் ஆகிறது என்றால் பலரும் உடனே புது சுவிட்ச் வாங்க ஓடுவார்கள். பொறுங்கள். உள்ளே லீவர் 'என்'னில் நிற்க, கியர் பொக்ஸின் கை சரியாக அந்த இடத்துக்கு வந்திருக்கிறதா? வராவிட்டால் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். சுவிட்ச் மேல் பிழை இல்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றாலும், பழைய போல்ட் அடையாளத்தில் அப்படியே வைத்து இறுக்கினால் போதாது. பல டொயோட்டா வண்டிகளில் சுவிட்சில் ஒரு கோடும் தண்டில் ஒரு வெட்டும் இருக்கும். கியரை 'என்'னில் வைத்து இரண்டையும் நேராக்கி, கையால் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். தொடக்கத்தில் நானும் இந்தக் கோட்டைப் பார்க்காமல் பூட்டி, ரிவர்ஸ் லைட் எரியாத காரை வெளியே விட்டு, அடுத்த நாளே அசடு வழிந்திருக்கிறேன். சுவிட்சை நேராக இணைத்து எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆக விடும் 'பைபாஸ்' வேலையை மட்டும் யார் கேட்டாலும் செய்ய மாட்டேன். ஒரு நாள் 'டி'யில் கிடக்கும் வண்டி பிள்ளைகள் நிற்கும் முற்றத்தில் பாயும்.

லீவர் 'பி'யை விட்டு வரவில்லை என்று கொன்சோலைப் பிரித்துப் போடுபவர்களும் உண்டு. முதலில் பிரேக்கை மிதித்து, பின்னால் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். பிரேக் லைட் எரியாவிட்டால் பியூஸ் அல்லது பிரேக் பெடல் சுவிட்ச்தான் பெரும்பாலும் காரணம். அப்புறம் அந்த 'ஓடி ஆஃப்' லைட், அதாவது ஓவர்டிரைவ் என்ற மேல் கியரை நிறுத்தியிருப்பதைக் காட்டுவது. சும்மா எரிந்துகொண்டிருந்தால் லீவரில் உள்ள பட்டனை யாரோ தட்டியிருக்கிறார்கள், திரும்பத் தட்டினால் முடிந்தது. அது மின்னினால்தான் பல வண்டிகளில் பழுதின் அறிகுறி.

வேகச் சென்சரில் இரண்டு வகை. இரண்டு வயர் வருவது பெரும்பாலும் காந்தச் சுருள், தானே மின்னோட்டம் தரும். மீட்டரால் அதன் மின்தடையைப் பார்த்தால் சில நூறு ஓம் காட்டும். மூன்று வயர் உள்ளது பெரும்பாலும் ஹால் வகை. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும், அதை ஓம் மீட்டரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. முதலில் மின்சாரமும் ஏர்த்தும் வருகிறதா என்று பாருங்கள். மெல்லிய வயரில் பல்ப் வைத்த டெஸ்ட் லைட் வேண்டாம், அது இழுக்கும் மின்னோட்டத்தில் கணினியே போகலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஊசியால் வயரின் தோலைக் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். அந்த ஓட்டையால் உப்பு ஈரம் போய் ஆறு மாதத்தில் செம்பு பொடியாகும். கொனெக்டரின் பின்பக்கத்தால் ஊசியை நுழையுங்கள். வயரை ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள், அறுந்தும் அறாமலும் கிடக்கும் வயர் அப்போதுதான் பிடிபடும்.

ஒயில் வெப்பச் சென்சருக்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், விடிய ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்கேனரைப் போடுங்கள். கூலன்ட், காற்று, கியர் ஒயில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், நமக்கு 27, 28 பாகை போல. ஒயில் மட்டும் மைனஸ் 40 என்றால் மட்டக்களப்பில் பனி பெய்யவில்லை, வயர் அறுந்திருக்கிறது அல்லது கொனெக்டர் கழன்றிருக்கிறது.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்கும்போது படத்தை மட்டும் அனுப்பாமல் பழையதில் உள்ள பார்ட் நம்பரை வாசித்துச் சொல்லுங்கள். வெளியே ஒன்றுபோல் இருப்பதெல்லாம் உள்ளேயும் ஒன்றல்ல. சென்சரைப் பூட்டும்போது ரப்பர் வளையத்தில் அந்த வண்டிக்குரிய கியர் ஒயிலைத் தடவுங்கள். கழற்றியதன் நுனிக் காந்தத்தில் கறுப்பு மாவு கொஞ்சம் ஒட்டியிருப்பது சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துண்டுகள் இருந்தால் பிரச்சினை சென்சரில் இல்லை, உள்ளே.

பூட்டி முடித்ததும் சில்லுக்கு முட்டு வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கில் கால் வைத்தபடி ஒவ்வொரு கியரிலும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். 'ஆர்' அல்லது 'டி'யில் ஸ்டார்ட் ஆகிறதென்றால் சுவிட்ச் இன்னும் இடத்தில் இல்லை. போல்டைத் திரும்பத் தளர்த்துங்கள்.