பார்க்கின்சன் உள்ளவருக்குத் தாளத்தோடு நடைப்பயிற்சி: வீட்டில் தொடங்குவது எப்படி?

பார்க்கின்சன் நோயில் கால்களில் வலு இருந்தாலும் அடிகள் சிறுத்துப்போகும். அடுத்த அடிக்கான நேரத்தை மூளை தானாகக் கணிப்பது டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைவதால் தடுமாறுகிறது. அந்தக் கணக்கை வெளியிலிருந்து ஒரு தாளம் கொடுத்தால் கால் பிடித்துக்கொள்ளும். 1996-இல் இசை சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாட் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தினமும் 30 நிமிடம் இப்படிப் பழகியவர்களின் நடைவேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது.

அடிக்கடி விழுபவர் என்றால் பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். மற்றவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமே பயிற்சிக்கு ஏற்றது. வழுக்காத, பின்பட்டை உள்ள காலணி போடுங்கள். கால்மிதி விரிப்பு, வயர் எல்லாவற்றையும் வழியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

1. அடியை எண்ணுங்கள். இயல்பாக 30 விநாடி நடக்கச் சொல்லி, இரண்டு கால்களின் அடிகளையும் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 46 அடி வந்தால் நிமிடத்துக்கு 92.

2. தாளத்தை வையுங்கள். போனில் இலவச மெட்ரோனோம் (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவி) ஆப் இறக்கி, எண்ணி வந்த எண்ணில், இந்த உதாரணத்தில் 92-இல், வையுங்கள். பாட்டுதான் பிடிக்கும் என்றால் ‘தகதிமி’ என்று நாலாக எண்ண வரும், தாளத் தட்டு தெளிவாகக் கேட்கும் பாட்டாகப் பாருங்கள்.

3. உட்கார்ந்தே தொடங்குங்கள். நாற்காலியில் பாதத்தைத் தட்டி, பிறகு எழுந்து நின்று எடையை இடம் வலமாக மாற்றி, தாளம் உடலில் ஏறியபின் நடக்கட்டும். ஒரு தட்டுக்கு ஓர் அடி, குதிகால் முதலில். உடன் வருபவர் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் வர வேண்டும். பேச்சுக் கொடுக்காதீர்கள், கவனம் சிதறினால் அடி உடனே சுருங்கும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக வரட்டும்.

4. வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். ஒரு வாரம் தடுமாற்றமில்லாமல் நடந்தால் 5 சதவீதம், அதாவது 97. அடி குட்டையானால் பழைய எண்ணுக்கே திரும்புங்கள். எனக்கு வேகத்தைவிட அடியின் நீளம்தான் முக்கியம். கால் தரையில் ஒட்டியதுபோல் உறைந்து நிற்பவர்களுக்கு வேகமான தாளம் சிக்கலைக் கூட்டலாம். அவர்களுக்கு 10 சதவீதம் குறைத்து, 83 அளவில் தொடங்குங்கள்.

அப்படி உறைந்து நின்றால் தயவுசெய்து கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். முழுமையாக நிற்கவிடுங்கள். எடையை இடம் வலமாக அசைத்து, “ஒண்ணு, ரெண்டு” எண்ணி, அடுத்த தட்டில் நீளமாக ஓர் அடி வைக்கச் சொல்லுங்கள்.

நன்றாகப் பழகியபின் நடுவில் கொஞ்ச நேரம் சத்தத்தை நிறுத்தி, மனசுக்குள் எண்ணியபடி நடக்கச் சொல்லுங்கள். அடி சிறுத்தால் மறுபடி போடுங்கள்.